ஜன்னலோரம் போன சர்வர்

கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி, அதில் ஒரு மெரூன் நிற ஸ்வெட்டர். ஆபீஸில் நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிட்டவரை நினைத்தால், அவர் முகத்துக்கு முன்பே எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது. வெளியே சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும். பீளமேட்டில் எங்கள் பம்பு கம்பெனியின் கீழ்த்தள அறையில் அக்கா அந்த ஸ்வெட்டரைக் கழுத்துவரை பட்டன் போட்டு, முந்தானையால் காதை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மாடி டிசைன் ஹாலில் வியர்த்து வழிகிற நாங்கள் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு கீழே போவோம். "ஊட்டி எப்படி இருக்குதுங்க்கா?" என்று கேட்போம். "டிக்கெட் எடுக்காம வந்துட்டுப் போறீங்க, கேள்வி வேறயா?" என்பார். சிரிக்கும்போதும் இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துக்கொண்டேதான் இருப்பார்.

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. அது மனிதருக்காகக் கட்டிய அறையே இல்லை, சர்வருக்காகக் கட்டியது. அலமாரி உயரத்துக்கு ஒரு கறுப்பு இரும்புப் பெட்டி, உள்ளே ஓயாமல் இரைகிற விசிறிகள், அது சூடேறாமலிருக்க இரவு பகலாக ஓடுகிற ஏசி. பம்புக்குள் சுழலும் இம்பெல்லரை வார்ப்பதற்கு முன்பே, அதற்குள் தண்ணீர் எப்படி ஓடும் என்று அந்தச் சர்வரில் கணக்குப் போட்டுச் சொல்வது அக்காவின் வேலை. அதை மாடியிலிருந்தே செய்யலாம், ஒரு கேபிள் போதும். ஆனால் நான் சேர்வதற்கு முன்பு, வேலையை விட்டுப் போன யாரோ ஒருவர் எங்கள் டிசைனைக் கையோடு கொண்டு போய்விட்டாராம். அன்றைக்கே முதலாளி நெட்வொர்க் கேபிளைக் கழற்றச் சொல்லிவிட்டார். அதிலிருந்து, கணக்குப் போட வேண்டுமென்றால் சர்வரின் முன்னால்தான் உட்கார வேண்டும். எங்கள் கம்பெனியில் அந்தக் கணக்குத் தெரிந்தவர் அக்கா ஒருவர்தான்.

முதலாளி கெட்டவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கெட்டவராக இருந்திருந்தால் அக்கா எப்போதோ தப்பித்திருப்பார். அவர் ஆபீஸ் பையனைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிடுவார். கை மூட்டெல்லாம் வலிக்கிறது, மாடியில் ஜன்னலோரம் ஒரு மேசை காலியாக இருக்கிறது, வழி செய்து கொடுங்கள் என்று அக்கா ஒருமுறை போய்க் கேட்டார். "அடடா, குளுருதுங்களா? இத்தன நாளு சொல்லவே இல்லீங்களே அம்மணி" என்று முதலாளி பதறிப் போனார். அடுத்த வாரம் ஊட்டிக்குப் போனவர், திரும்பி வரும்போது ஒரு பார்சலோடு வந்தார். அதுதான் அந்த மெரூன் ஸ்வெட்டர். "நான் ஜன்னல் கேட்டேன், அவரு கம்பளி குடுத்தாரு. அவ்வளவு ஆசையா நீட்டுறவருகிட்ட எப்படிங்க தம்பி வேண்டாம்னு சொல்றது?" என்று அக்கா என்னிடம் சொன்னார். எங்கள் ஊர்ப் பக்கம் மரியாதைக்குப் பேர் போனது. அந்த மரியாதையால் ஒருவரைப் பூட்டியும் வைக்கலாம் என்று நான் கண்ணால் பார்த்தது அங்கேதான்.

சில வருடங்களில் சர்வர் பழசாகி, உதிரி பாகம் கிடைப்பதே பெரும்பாடாகிவிட்டது. இன்னொரு சர்வர் வாங்கலாமா என்று பேச்சு வந்தபோது, இப்போது வருகிற சாதாரண டெஸ்க்டாப்பே போதும் என்று நான் வாயை விட்டேன். "ரெண்டையும் ஓட்டிப் பாத்துபோட்டுச் சொல்லுங்க தம்பி" என்றார் முதலாளி. சோதனைக்காக ஒரு புது டெஸ்க்டாப் வந்தது. மேசைக்கு அடியில் காலோடு காலாக வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் அதன் உருவம். அக்கா அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். இது ஜெயித்தால் இது எங்கே போகிறதோ அங்கே அவரும் போகலாம். அதை அவர் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று முதலாளி கேட்டபோது அக்கா சொன்ன பதிலை நான் இன்றைக்கும் புதிதாகச் சேருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "பழசு கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டுங்க. ஆளு நெறைய, சரக்கு வர்ற வாசலும் நெறைய, ஆனா ஒவ்வொரு கையும் மெதுவு. புதுசு நம்ம ஊட்டுச் சமையல்கட்டாட்டங்க. ஆளு கம்மி, வாசலும் கம்மி, ஆனா கை பறக்கும்." பழைய சர்வரில் இரண்டு பிராசஸர், அவற்றுக்குள் வேலையாட்களைப் போல ஏகப்பட்ட கோர்கள், மெமரிக்குப் போய்வர நிறைய வழிகள். புதியதில் ஒரே பிராசஸர், கோர்களும் குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் பழையதைப் பல மடங்கு மிஞ்சும். ஆகவே ஒரே ஆளாகச் செய்ய வேண்டிய வேலையில் புதியது பறந்துவிடும். வேலையைக் கூறு போட்டு எல்லோருக்கும் பிரித்துக் கொடுக்கிற பெரிய கணக்கில்தான் பழையது மல்லுக்கு நிற்கும்.

அப்படியேதான் நடந்தது. சின்னக் கணக்குகளில் புது மெஷின், அக்கா ஃப்ளாஸ்க்கைத் திறப்பதற்குள் முடித்துவிட்டு நின்றது. மிச்சமிருந்தது பெரிய கணக்கு ஒன்று. வருடத்துக்கு ஓரிரு முறைதான் வரும், ஆழ்துளைக் கிணற்று மோட்டாரின் இம்பெல்லர் அடுக்கு முழுவதையும் சேர்த்துப் போடுகிற கணக்கு. "அதை விட்டுருவோமுங்க்கா, யாரு கேக்கப் போறா?" என்றேன். அக்கா தலையை ஆட்டினார். "ஏமாத்தி மேல போனா, அந்த ஜன்னல்ல எனக்குக் காத்து வராதுங்க தம்பி." இரண்டிலும் ஒரே நேரத்தில் ஓடவிட்டோம். பழையது லேசில் விட்டுக்கொடுக்கவில்லை. பாதி தூரம் வரை அதுதான் முன்னால் போனது. அக்கா ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தபடி இருந்தார். கடைசியில் புதியது கொஞ்சம்போல முந்திக்கொண்டு முடித்தது. அக்கா எழுந்து, ஸ்வெட்டரைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

அதற்குப் பிறகு சில நாட்கள் அக்கா புது மெஷினோடு மாடியில் இருந்தார். ஜன்னலோர மேசையைத் தானே துடைத்து, மணி பிளாண்ட் கொடி ஒன்றைப் பாட்டிலில் வைத்தார். ஜன்னலுக்கு வெளியே ஒரு புங்க மரம், அதற்கு மேலே ஏர்போர்ட்டில் இறங்க வருகிற விமானங்கள். ஒவ்வொன்றும் தாழும்போது "ஒண்ணு வருதுங்க" என்று ஹாலுக்கே சொல்வார். மதியச் சாப்பாட்டை எங்களோடு சேர்ந்து சாப்பிட்டார். அவர் அவ்வளவு பேசுவார் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஒரு மத்தியானம் முதலாளி புது மெஷினைப் பார்க்க மாடிக்கு வந்தார். வெயில் கொளுத்தியது. மின்விசிறி வெந்நீரைப் போலக் காற்றை இறைத்தது. காலையிலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்த மெஷின் இரைந்துகொண்டிருந்தது. முதலாளி குனிந்து அதன் மேல் கையை வைத்துப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, கொதிக்குதுங்களே?"

"சூடானா அதுவே வேகத்தக் கொஞ்சம் கொறச்சுக்குமுங்க. ஒண்ணும் ஆகாதுங்க."

"வேகத்துக்குத்தானுங்களே இத வாங்குனோம். இவ்வளவு செரமப்பட்டுத் தேடி எடுத்திருக்கறீங்க, அத வெயில்ல வாட்டலாமுங்களா? கீழ ஏசி சும்மாதானே ஓடுது. அங்கயே வெச்சுப்போட்டா நிம்மதியா வேல செய்யுமுங்க."

"மேல ஒரு ஏசி போட்டுக்கலாமுங்களே" என்று நான் குறுக்கே சொன்னேன். "பாக்கலாமுங்க தம்பி, கண்டிப்பாப் பாக்கலாம்" என்று என் தோளைத் தட்டினார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராக, "அந்தப் பெரிய பொட்டிய மேல கொண்டாந்து இந்த ஜன்னலோரம் வெச்சுருங்க. கஸ்டமர் வந்தா பாக்கறதுக்குக் கம்பீரமா இருக்கும்" என்றார்.

அக்கா கணக்கைப் பாதியில் நிறுத்தி, மெஷினை அணைத்தார். மணி பிளாண்டை எடுத்துக்கொள்ளவில்லை. கீழே வெளிச்சம் இல்லாமல் அது செத்துவிடும் என்றார்.

எந்த ஒயரும் சொருகப்படாமல், பழைய சர்வர் ஜன்னலோரம் ஏறி நின்றது. ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து மாலை போட்டோம். பொரி வாங்க மேலே வந்த அக்கா அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று வெளியே பார்த்தார். ஒரு விமானம் தாழ்ந்து போனது. "குடுத்து வெச்சவன்டா நீ" என்று பெட்டியின் தலையில் தட்டிவிட்டுப் படியிறங்கினார்.

ஓய்வு பெறும்வரை அவர் அந்த அறையில்தான் இருந்தார். கடைசி நாளில் ஸ்வெட்டரை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார், கொடுத்ததை விட்டுவிட்டுப் போனால் முதலாளி மனசு கஷ்டப்படுமாம். போன கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். வெயில் விழுகிற வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கை விரல்கள் மடங்க மறுக்கின்றன, கேக்கை நான்தான் வெட்டிக் கொடுத்தேன். "அவன் இன்னும் ஜன்னல்கிட்டதான் இருக்கானா?" என்று கேட்டார். இருக்கிறான் என்றேன்.

இரண்டு மெஷினையும் சேர்த்து ஓட்டிப் பார்த்தபோது அந்தக் கணக்கை நானும் கற்றுக்கொண்டிருந்தேன். அது என் தலையெழுத்து. அக்கா போனதும், "ஆளு கெடைக்கற வரைக்கும் நீங்க பாத்துக்கங்க தம்பி" என்றார் முதலாளி. ஆள் இன்னும் கிடைக்கவில்லை. இதைக் கீழே இருந்துதான் எழுதுகிறேன். வெளியே வெயிலா மழையா என்று தெரியாது. போன வாரம் முதலாளியிடம் போய், தோள் வலிக்கிறது, மாடியில் இடம் கொடுங்கள் என்று கேட்டேன். "அடடா, சொல்லவே இல்லீங்களே" என்று பதறினார்.

நேற்று ஊட்டியிலிருந்து வந்தார். பார்சலைப் பிரித்து, நீல நிற ஸ்வெட்டரை என் முதுகில் வைத்து அளவு பார்த்தார். "செரியா இருக்குதுங்களா தம்பி?"

"செரியா இருக்குதுங்க" என்றேன். கதவுக்குப் பின்னால் அந்த ஆணி அப்படியேதான் இருந்தது.