எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம்

என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. சோறு கொதிக்கும்போதே துணியை ஊறவைப்பேன்; துணி ஊறுவதற்குள் மாடிக்கு ஓடிக் காயும் மிளகாயைத் திருப்பிப் போடுவேன். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் பாதியில் எழுந்து மோர் வாளியைத் தூக்கிக்கொள்வேன். காலில் சக்கரம் கட்டியிருக்கிறதா என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. அப்படிப்பட்டவள் நாற்பதை எட்டிப் பிடிக்கும் வயதில், மகள் பெங்களூர் விடுதிக்குப் போன கையோடு, மைசூரில் ஒரு கல்லூரியில் பி.ஏ. சேர்ந்தேன். பாடங்களில் ஒன்று உளவியல். எனக்கு மட்டும் ஏன் கால் தரையில் நிற்பதில்லை என்று அந்தப் புத்தகத்திலாவது எழுதியிருக்கும் என்று ஒரு நப்பாசை.

என் கணவர் மைசூர் ஹெப்பாளில் உள்ள ஒரு பெரிய கம்பெனிக்கு ஆட்களை ஏற்றிப் போகும் பஸ் ஓட்டுகிறார். நான் படிக்கப் போவது அவருக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று வாய்விட்டுச் சொல்லவும் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு நிபந்தனை போட்டார்.

"ஒரு செமஸ்டர் பாக்கலாம் புள்ள. எல்லாத்துலயும் பாஸானீன்னா மேல படி. ஒண்ணுல போனாலும் மூட்டையக் கட்டிரோணும். அண்ணன் கடையில பில்லு போட ஆளில்லாமக் கெடக்குது."

அவருடைய அண்ணன் மண்டி மொஹல்லாவில் மிளகாய், மல்லி மொத்த வியாபாரம் செய்கிறார். அந்தக் கடைக்குள் நுழைந்தால் தும்மல் நிற்காது. கல்லாவை ஒட்டி ஒரு ஸ்டூல் இருக்கிறது. காலையில் அதில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்க முடியும். அந்த ஸ்டூலை நினைத்தே நான் ராப்பகலாகப் படித்தேன்.

முதல் நாள் வகுப்பில் பாடமே நடக்கவில்லை. என்னைவிடப் பத்து வயதாவது சின்னவரான மேடம், வகுப்பின் விதிகளைக் கன்னடத்தில் வாசித்துக்கொண்டே போனார். போனை வாசலில் இருக்கும் பெட்டிக்குள் போட்டுவிட வேண்டும். வருகை முக்கால்வாசிக்குக் குறைந்தால் ஹால் டிக்கெட் கிடையாது. ரெக்கார்டு நோட்டு வெள்ளிக்கிழமை என் மேஜைக்கு வரவேண்டும், சனிக்கிழமை கொண்டுவந்தால் நீங்களே ஞாபகார்த்தமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அடுத்தவர் மனசைப் படிக்கக் கற்றுக்கொள்ள வந்தவர்கள் இப்போதே பி.காம். பக்கம் போகலாம் என்றார். வீட்டில் இருப்பவர்களுக்கு நோய்ப் பெயர் வைக்கக் கூடாது என்றார். அதற்குள் நான் என் மாமியாருக்கு மனசுக்குள் ஒன்றை வைத்து முடித்திருந்தேன்.

கடைசியாகச் செய்முறைத் தேர்வுக்கு வந்தார். சோதனைக்கு உட்காரும் ஆளுக்கு அங்கே சப்ஜெக்ட் என்று பெயர். தேர்வன்று அவரவர் சப்ஜெக்டை அவரவர்தான் கூட்டிவர வேண்டும். ஆள் இல்லையென்றால் தேர்வு இல்லை. ரத்த சொந்தம் கூடாது. சொந்தமென்றால் ஒருவருக்கொருவர் பரிதாபப்பட்டுச் சோதனையையே கெடுத்துவிடுவீர்களாம். சப்ஜெக்ட் தடுமாறும்போது நாம் வாயைத் திறக்கக் கூடாது. முடிந்தபின் மனசில் என்ன ஓடியது என்று கேட்டு, சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எழுத வேண்டும். ஆரம்பிக்கும் முன்பே, நீங்கள் எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம் என்று அவரிடம் சொல்லியாக வேண்டும். ஏன் போகிறீர்கள் என்று கேட்க நமக்கு உரிமை இல்லை.

மற்ற விதிகளெல்லாம் எரிச்சலாக இருந்தன. இது ஒன்றுதான் பிடித்தது. என் மாதிரி ஒருத்தியைப் பெற்றவர்கள் யாரோ எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

எழுத்துத் தேர்வுகள் நன்றாகவே போயின. செய்முறைத் தேர்வுக்குப் பக்கத்து வீட்டு நர்ஸிங் மாணவியைச் சொல்லி வைத்திருந்தேன். தேர்வன்று காலை இட்லித் தட்டை இறக்கும்போது போன் வந்தது. டியூட்டியை மாற்றிவிட்டார்கள் அக்கா, மன்னிச்சிடுங்க என்றாள். இட்லியை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடினேன். வகுப்புப் பெண்களுக்குப் போன் போட்டால், அவர்கள் பி.காம். தோழிகளை எப்போதோ பங்கு பிரித்து முடித்திருந்தார்கள். முனையில் இருக்கும் தையல்காரர் முகூர்த்த நாள் வேலை என்று கையெடுத்துக் கும்பிட்டார். ஆட்டோக்காரர் ஒருவர், "ஊசி ஏதாவது போடுவீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப எதுக்கு நான்?" என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். சந்துக்குள் நாலு தடவை போய் நாலு தடவை திரும்பினேன். எனக்கு அந்த ஸ்டூல் கண்ணில் தெரிந்தது.

திரும்பி வந்தபோது கணவர் காலை டிரிப் முடித்து வந்து, தட்டிலிருந்த இட்லியைத் தானே எடுத்துப் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்கச் சொன்னதைக் கேட்டுவிட்டு, "நானெல்லாம் ஆளாத் தெரியலயா?" என்றார்.

நான் யோசித்தேன். ரத்த சொந்தம் கூடாது. புருஷன் எப்படி ரத்த சொந்தம் ஆவான்? விதிக்கு ஒரு குறையும் இல்லை. பயமெல்லாம் வேறு. நான் தோற்றால் லாபம் அவருக்குத்தான். தவிர, அவரும் லேசுப்பட்டவர் இல்லை. சிவப்பு விளக்கில் நிற்கும்போதே ஸ்டியரிங்கில் தாளம் போடுகிறவர். பிடிக்காத இடத்தில் ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து போய்விடுவார். வேறு வழியில்லாமல் ஸ்கூட்டரில் ஏறினேன்.

சோதனை இதுதான். மேஜைமேல் ஒரு காகிதம். அதில் இரட்டைக் கோட்டில் ஒரு நட்சத்திரம். நேராகப் பார்க்க முடியாதபடி ஒரு அட்டை மறைத்திருக்கும். எதிரே இருக்கும் கண்ணாடியில் பார்த்தபடி, இரண்டு கோட்டுக்கும் நடுவில் பென்சிலை ஓட்டிக்கொண்டு ஒரு சுற்று வர வேண்டும். முதலில் வலது கை, அப்புறம் இடது கை. கோட்டைத் தொட்டால் தப்பு. நான் ஸ்டாப்வாட்சைப் பிடித்துக்கொண்டு தப்புகளைக் குறிக்க வேண்டும்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் எங்களைத் தாண்டிப் போகும்போது, மனப்பாடம் செய்திருந்ததைச் சொன்னேன். "நீங்கள் எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம். காரணம் சொல்லத் தேவையில்லை."

கணவர் புருவத்தைத் தூக்கினார். "நெசமாவா?"

நான் ஸ்டாப்வாட்சைக் கையில் எடுத்தேன்.

"கண்ணாடியப் பாத்தே அத்தாம்பெரிய பஸ்ஸ ரிவர்ஸ் எடுக்கறவன் நான்," என்று மெல்லச் சொல்லிவிட்டு பென்சிலை எடுத்தார். முதல் மூலையிலேயே மாட்டிக்கொண்டார். மேலே போக நினைத்தால் பென்சில் கீழே இறங்கியது. திருப்பினார், வெளிக்கோட்டைத் தாண்டிப் போய் நின்றது. பக்கத்து மேஜையில் இருந்த பெண் களுக்கென்று சிரித்தாள். அவருடைய காது சிவந்தது. இடதுபக்கம் மாமா, இடதுபக்கம் என்று என் நாக்கு நுனிவரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தப்புகளைக் குறித்தேன். குறிக்க இடம் போதவில்லை.

நடுவில் ஒரு மூலையில் பென்சிலைப் படாரென்று வைத்தார். நாற்காலி பின்னால் நகர்ந்தது. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் ஸ்டாப்வாட்சைப் பார்த்தேன். அது ஓடிக்கொண்டே இருந்தது. உள்ளங்கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, மறுபடி பென்சிலை எடுத்தார். வலது கை முடிந்தது. இடது கையும் முடிந்தது. கோணல்மாணலாகத்தான்; ஆனால் சுற்று முழுசாக வந்துவிட்டது.

பிறகு நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். செய்யும்போது உங்கள் மனசில் என்ன ஓடியது? கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரிடம் நான் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் டி.வி.யின் சத்தத்தைக் கூட்டியிருப்பார். அங்கே டி.வி. இல்லை. என்னைப் பார்க்காமல், மேஜைமேல் இருந்த தாளிடம் சொல்வதுபோல், அவர் தமிழிலேயே சொல்லத் தொடங்கினார்.

"கை ஒரு பக்கம் போகுது, கண்ணு ஒரு பக்கம் போகுது. பயங்கரக் கோவம். எந்திரிச்சுப் போயிரலாம்னு நெனச்சேன். போலாம்னு இவளே சொல்லியிருக்கறா. போனா பரீட்சை போச்சு, பேசாமக் கடைக்கு வந்துருவான்னு நெனச்சேன். அப்பத்தான் இவ மூஞ்சியப் பாத்தேன். எங்க அத்தை மக இவ. பாவாடை கட்டுன காலத்துலருந்து பாக்கறேன், ஒரு எடத்துல உக்காந்து பாத்ததே இல்ல. தாலி கட்டறப்பக்கூட எந்திரிச்சு ஓடிருவாளோன்னு எனக்கு பயம். இன்னைக்கு ஆடாம அசையாம உக்காந்திருக்கறா. இவளே உக்காந்திருக்கறான்னா இதுல என்னமோ இருக்குதுன்னு நெனச்சேன். நானும் உக்காந்துட்டேன்."

அவர் சொன்ன பிறகுதான் கவனித்தேன். அத்தனை நேரம் என் கால் ஆடவே இல்லை.

கன்னடத்தில் எழுதத் தொடங்கினேன். கை, கண், கோபம் எல்லாம் சரியாக வந்தன. 'எங்கள் அத்தை மகள்' என்ற இடத்தில் பேனா நின்றது. கொள்ளேகால் பக்கத்து ஆட்களான எங்களுக்கு, அண்ணன், தம்பி, பங்காளி இவர்கள்தான் ரத்த சொந்தம். மாமன் மகன் கட்டிக்கொள்கிற முறை. அவனை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் என் அம்மாவும் அவர் அப்பாவும் கூடப்பிறந்தவர்கள். இதைவிட ரத்தம் வேறெங்கே இருக்கிறது? காலையிலிருந்து ஓடிய ஓட்டத்தில் இது எனக்கு உறைக்கவே இல்லை.

அந்த ஹாலில் அவர் பேசியது புரிந்தவள் நான் ஒருத்திதான். இரண்டு வார்த்தையை விட்டுவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. எழுதினால் தேர்வே செல்லாது என்று தேர்வாளர் சொல்லிவிடலாம். செமஸ்டர் போகும், ஸ்டூல் வரும். அவரைப் பார்த்தேன். தான் சொன்னதை நான் எழுதி முடிக்கட்டும் என்று, அந்த மனுஷன் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். எழுதினேன்.

சப்ஜெக்டுகளை வெளியே அனுப்பிவிட்டுத் தேர்வாளர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். என் தாளைப் படித்துவந்தவர் அந்த வரியில் நின்றார்.

"வந்தவர் யாரம்மா?"

"வீட்டுக்காரர் சார். தாய்மாமன் மகன்."

"ரத்த சொந்தம் கூடாதென்று தெரியாதா?"

"எங்க பக்கம் அதை ரத்த சொந்தம்னு எண்ண மாட்டோம் சார். எழுதும்போதுதான் எனக்கே தெரிஞ்சுது."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "எங்க வீட்டிலும் அப்படித்தான். என் மனைவியும் அத்தை மகள்தான். ஆனால் விதி விதிதான். சப்ஜெக்டைத் தேர்ந்தெடுப்பதற்கு உள்ள மார்க்கை மட்டும் கழிக்கிறேன்." பிறகு தப்புகளின் வரிசையைப் பார்த்தார். "இவ்வளவு தடுமாறியும் நீங்கள் உதவவில்லை. சரி, எனக்குத் தமிழ் தெரியாது. இந்த வரியை ஏன் எழுதினீர்கள்?"

"அவர் சொன்னார் சார்."

மேற்கொண்டு சில கேள்விகள் கேட்டார். எழுந்தபோது, "அடுத்த செமஸ்டருக்கு வெளியாளாகக் கூட்டிவாருங்கள்," என்று சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

வெளியே கணவர் ஸ்கூட்டர் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு நின்றார். நடந்ததைச் சொன்னேன்.

"வெளியாளா? ஏன், எனக்கென்ன கொறச்சல்? எடது கை கடைசீல நல்லாத்தானே போச்சு. வீட்டுல ஒரு கண்ணாடி வெச்சுப் பழகிக்கறேன்."

"மாமா, ரிசல்ட்டே இன்னும் வரல."

"வரட்டும்," என்றவர் வண்டியைக் கிளப்பினார். "ஏறு புள்ள. போற வழியில கடைக்குப் போயி, வேற ஆளப் பாத்துக்கச் சொல்லி அண்ணங்கிட்டச் சொல்லிரலாம்."