டயர்க் கடை முன்னால் வளர்ந்த வேம்புகள்

டேங்கர் அக்காவுக்கும் அவள் அண்ணனுக்கும் பேச்சு நின்றது ஒரு வேப்பமரத்தால்.

அந்த ஊரில் மரம் ஆளாவது லேசான காரியமில்லை. கோடையில் மேற்கிலிருந்து அடிக்கிற அனல்காற்று மண்ணை வாரிக்கொண்டு வரும். கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டால் கை கொப்புளிக்கும். குளிர்காலம் நேர்மாறு, வாளித் தண்ணீரின் மேல் பாலாடை கட்டினாற்போல் பனி உறைந்து கிடக்கும். மழை, வழி தப்பி வந்த விருந்தாளி மாதிரி எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும்.

அப்பா விட்டுப்போன வீட்டை அண்ணனும் தங்கையும் நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டார்கள். அண்ணன் பாதியில், தெருவைப் பார்த்து, டயர்க் கடை. அவள் பாதியில் ஒரே அறை, தகரக் கூரை. அந்தக் கூரைக்கு மேல் குடை பிடித்தாற்போல் வாசலில் வேம்பு நின்றது. அறைக்குள் கட்டிலில் அவள் புருஷன் கிடந்தார். லாரி ஓட்டியவர், ஒரு விபத்தில் இடுப்புக்குக் கீழே மரத்துப்போய்விட்டது. நன்றாக இருந்த காலத்தில் அவளுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். "கியரை அதட்டாதே, கெஞ்சு" என்பார்.

அண்ணன் கடைக்குப் பெரிய போர்டு வந்தது. தெருமுனையிலிருந்து பார்த்தால் பாதிப் போர்டை வேம்பு மறைத்தது.

"அந்த மரத்தை வெட்டிடலாமே?" என்றான்.

"வெட்டினா அவர் மேல நேரா வெயில் எறங்கும்ணா."

அண்ணன் போர்டை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கடைக்குள் போனான். ஆனால் அந்த வருஷம், துளிர் விடவேண்டிய நேரத்தில், மரம் மஞ்சளாகி இலை கொட்டியது. அவள் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அடிமரத்தில், சுவர்ப் பக்கமாக, கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு துளை; களிமண்ணால் அடைத்திருந்தது. சுரண்டியதும் பேட்டரி ஆசிட் நெடி மூக்கைத் துளைத்தது.

"என்னண்ணா ஊத்தினே?"

"நான் எதுக்கு ஊத்தறேன்? மண்ணுல உப்பு. மரம்னா பட்டுப்போகத்தான் செய்யும்."

அந்தக் கோடையில் அறை அடுப்பாகிவிட்டது. ஜன்னலில் ஈரச்சாக்கு தொங்கவிட்டாள். அது காய்வதற்குள் அடுத்ததை நனைத்தாள். கை ஓய்ந்ததே தவிர சூடு ஓயவில்லை. ஒரு உச்சிப்பொழுதில், அவள் தண்ணீர் பிடிக்கப் போன இடைவெளியில், அவர் போய்விட்டார்.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் அண்ணன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னான்: "வெயில் கொண்டுபோயிடுச்சு. யார் என்ன பண்ண முடியும்?"

அவள் அழவில்லை. அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கே அந்த உறவுக்குத் தலைமுழுகினாள்.

முதலில் கடையைக் கொளுத்திவிடத்தான் நினைத்தாள். டயர் பிடித்துக்கொண்டால் தெருவே வேகும் என்பதால் விட்டாள். அப்போது நகரசபை சாலையோரம் கன்று நட ஏற்பாடு செய்துகொண்டிருந்தது. தண்ணீர் டேங்கர் ஓட்ட ஆள் கிடைக்கவில்லை. போய் நின்றாள்.

"வெயில்ல வண்டி நெருப்பா இருக்கும்மா. போன ஆளு ஓடியே போயிட்டான்" என்றார் சூப்பர்வைசர்.

"நான் ஓடமாட்டேன். ஆனா எங்கெங்க குழி தோண்டணும்னு நான்தான் சொல்லுவேன்."

"எங்க வேணா நடும்மா. பொழைச்சா போதும்."

தெரு முழுக்க நட்டாள். டயர்க் கடை முன்னால் மட்டும் கொஞ்சம் நெருக்கி நட்டாள். அண்ணன் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடிவந்தான்.

"என் கடைக்கு முன்னாடிதான் எடம் கெடைச்சுதா?"

"ரோடு நம்ம அப்பா பிரிச்சுக் குடுத்த சொத்து இல்ல. கை வெச்சுப் பாரு, சர்க்கார் கேஸு போடும்."

அதன்பிறகு அவள் மரம் வளர்த்த விதத்தைப் பார்த்தவர்கள், பெற்ற பிள்ளையைக்கூட இப்படி வளர்ப்பார்களா என்றார்கள். அவள் வளர்த்தது பிள்ளையை இல்லை. கோடையில் சூரியன் தலைகாட்டுமுன் பாத்தி நிறையத் தண்ணீர் விடுவாள். வெயில் ஏறியபின் விட்டால் வேர் வெந்துவிடும். பாத்திமேல் வைக்கோல் பரப்புவாள். புழுதிக்காற்றுக்கு முன்னால் கம்பு நட்டு, அண்ணன் கடைக் குப்பையில் கிடக்கும் பழைய டியூபைக் கிழித்துத் தளர்வாகக் கட்டுவாள். அவன் ரப்பராலேயே கட்டுவதில் அவளுக்கு ஒரு சந்தோஷம். குளிரில் சாயங்காலம் மண்ணை நனைத்துவிட்டு, கன்றுகளுக்குச் சாக்குச் சட்டை மாட்டுவாள். மாட்டும்போது காதோடு சொல்வாள்: "சாகாதே. வளரு. அவன் போர்டை முழுங்கு."

ஒரு குளிர்காலத்தில் கடைக்கு நேர் எதிரே இருந்த கன்று பனியில் கருகியது. அண்ணன் கடைவாசலில் நின்று சிரித்தான். அவள் கருகியதை அடிவரை நறுக்கிவிட்டுக் காத்திருந்தாள். வெயில் திரும்பியதும் கட்டையிலிருந்து சிவப்பாய்த் துளிர் வந்தது. இப்போது அவள் சிரித்தாள், நடுத்தெருவில், வாய்விட்டு.

அண்ணன் புகார் கொடுத்தான். சூப்பர்வைசர் வந்து, இருந்த கொஞ்ச நிழலில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போர்டைத் தூக்கிக் கட்டுங்களேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். தூக்கிக் கட்டினான். மரமும் தூக்கிக்கொண்டது. கடைசியில் தெருமுனையிலிருந்து பார்த்தால் டயர்க் கடையே தெரியவில்லை, பச்சைதான் தெரிந்தது.

அவள் நினைக்காதது ஒன்று நடந்தது. வெயிலில் வெந்து வருகிற வண்டிக்காரர்கள் எல்லாம் அந்த நிழலில்தான் நிறுத்தினார்கள். நிறுத்தியவன் டயரைப் பார்த்தான். பார்த்தவன் கடைக்குள் போனான். கடை ஓகோவென்று ஓடியது. அண்ணன் மரத்தடியில் பெஞ்சு போட்டு, காலை ஆட்டிக்கொண்டு, "வாங்க வாங்க, நம்ம கடை மரம்தான்" என்றான்.

டேங்கரில் போன அவள் காதில் அது விழுந்தது. மறுநாள் ரம்பத்தோடு டேங்கர்மேல் ஏறிவிட்டாள். கிளையில் பல்லை வைத்து ஒரு இழு இழுத்தாள். பச்சை ஈரம் கசிந்தது. இவனுக்காக என் மரத்தை நானே அறுப்பதா என்று தோன்றியது. இறங்கிவந்து ஹோஸைத் திறந்து, பெஞ்சோடு சேர்த்து அண்ணனைக் குளிப்பாட்டினாள்.

"பைத்தியமா உனக்கு?"

"மரத்துக்குத் தண்ணி விடறேன். நடுவுல நீ ஏன் உக்காந்திருக்கே?"

"நிழல்ல மனுஷன் உக்காரக் கூடாதா?"

"யார் வேணா உக்காரலாம். நீ மட்டும், அந்த வேம்புக்கு என்ன ஊத்தினேன்னு இவங்க முன்னாடி சொல்லிட்டு உக்காரு."

நின்ற வண்டிக்காரர்கள் அவனைப் பார்த்தார்கள். அவன் உள்ளே போய்விட்டான். கோடை முழுக்க இதே கதைதான். அவன் உட்காருவான், டேங்கர் வரும், பெஞ்சு நனையும். கடைக்குள் தகரச் சூட்டில் உட்காரவும் முடியவில்லை. அனல்காற்று சுழன்றடித்த ஒரு மத்தியானம், நனைந்த சட்டையோடு அவன் கத்தினான்:

"ஆமா, நான்தான்! துளை போட்டேன். பேட்டரி ஆசிட் ஊத்தினேன். போதுமா?"

வாசல்படியில் அண்ணி நின்றிருந்தாள். இத்தனை நாளும் மண்ணில் உப்பு என்றுதான் அவளும் நம்பியிருந்தாள்.

"சொல்லிட்டேன்ல? இப்ப உக்காரலாமா?" என்றான் அண்ணன்.

"கூடாது."

"சொன்னா உக்காரலாம்னு நீதானே சொன்னே!"

"சொன்னேன். பொய் சொன்னேன். உனக்கு மட்டும்தான் வருமா அது?"

ஒரு வண்டிக்காரர் சிரித்துவிட்டு, அண்ணன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அண்ணி இறங்கிவந்து பெஞ்சின் ஒரு முனையைப் பிடித்தாள். "அந்தப் பக்கம் பிடி" என்றாள் நாத்தனாரிடம். இருவருமாகப் பெஞ்சைத் தூக்கித் தெருவின் அடுத்த கோடி மரத்தடியில் போட்டார்கள்.

அதற்கப்புறம் அண்ணன் கடை நடத்தினான், வியாபாரமும் நடந்தது. டயர் மாட்டும் வேலையை மட்டும் வெயிலில்தான் செய்தான். நிழல் விழுகிற இடம் எப்போதும் சேறாகவே இருந்தது. டேங்கர் அக்காவின் மனசு ஆறிவிட்டதா என்றால், இல்லை. ஆறவேண்டும் என்று அவள் ஆசைப்படவும் இல்லை. குளிர் தொடங்கியபோது, தெருக்கோடியில் புதுக் கன்றுகளுக்குச் சாக்குத் தைக்க அண்ணி கோணியூசியோடு வந்து உட்கார்ந்தாள். அவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் இருவரும் தைத்தார்கள்.