ஒட்டாதவை

தோள்பையை இறக்காமலேயே கணினியைத் திறக்கிறார். நின்றபடியே படிக்கிறார். உட்கார்ந்துவிட்டால் மற்ற வேலைகளும் கூடவே வந்து உட்கார்ந்துவிடுமாம். எதையும் அடுக்கி வைப்பதால் நாங்கள் 'அலமாரி அக்கா' என்று கூப்பிடும் அவர் காலையில் முதலில் பார்ப்பது 'ஒட்டாதவை' என்ற கோப்புறையைத்தான்.

லிஃப்ட் பராமரிக்கும் அலுவலகம் அது. நாளுக்கு இரண்டாயிரம் மின்னஞ்சல்கள் வருகின்றன. அனுப்பியவர் யார், தலைப்பில் என்ன சொல் இருக்கிறது என்று பார்த்து, ஒரு மென்பொருள் அவற்றைக் கட்டடவாரியாகப் பிரித்துச் சேமிக்கிறது. அதற்கு விதிகள் எழுதுவது அக்காவின் வேலை. நூற்று நாற்பது விதிகள். எதிலும் அடங்காத அஞ்சலுக்காக எழுதியது கடைசி விதி: அழிக்காதே, தனியே வை.

"குப்பைத்தொட்டிக்குக் காவலாம்மா?" என்பார் மேலாளர்.

"குப்பைன்னு தெரிஞ்சா தூக்கிப் போட்டுடலாம் சார். இது என்னன்னே தெரியலையே."

அக்காவை மேதை என்று சொல்லமாட்டேன். பேனாவைக் காதில் செருகிக்கொண்டு மேசை முழுக்கத் தேடுகிறவரை ஆறு வருடமாகப் பக்கத்து இருக்கையிலிருந்து பார்க்கிறேன். ஆனால் தெரியாததைத் தெரியாதது என்றே வைத்திருக்கும் பொறுமையை நிறையப் படித்தவர்களிடம்கூட நான் அதிகம் கண்டதில்லை.

போன வாரம் ஒரு லிஃப்டின் கம்பிவடம் அறுந்து, பெட்டி அரை மாடி இறங்கி நின்றது. நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை. வடம் தேய்ந்திருந்ததை முன்பே தெரிவிக்கவில்லை என்று அந்த லிஃப்டைக் கவனித்துவந்த மெக்கானிக்கை வேலையிலிருந்து நீக்க முடிவாயிற்று. மறுநாள் காலை அவர் வந்து நின்றபோது அக்காவின் தோளில் பை தொங்கிக்கொண்டிருந்தது.

"ஃபோட்டோ எடுத்து அனுப்பினேன்க்கா. பிள்ளைங்க மேல சத்தியமா."

"உங்க பேர்ல தேடிட்டேன், அந்த பில்டிங் பேர்லயும் தேடிட்டேன். ஒண்ணும் இல்லையே தம்பி. உங்க ஃபோன்லதானே அனுப்பினீங்க?"

அவர் விழித்தார். "அன்னிக்கு என் ஃபோன் ரிப்பேர். மச்சான் ஃபோனை வாங்கிட்டுப் போயிருந்தேன்…"

"மச்சான் என்ன பண்றாரு?"

"சைக்கிள் கடை."

அக்காவின் கை ஒரு கணம் நின்றது. பிறகு 'ஒட்டாதவை'க்குள் போய் மளமளவென்று கீழே இறங்கினார். அனுப்பியது ஒரு சைக்கிள் கடையின் மின்னஞ்சல் முகவரி. தலைப்பு இல்லை. பிரிபிரியாய் நிற்கும் கம்பியின் படம், கீழே ஒரே வரி: 'இது தாங்காது சார், சீக்கிரம் மாத்துங்க.' வடம் அறுவதற்குப் பதினோரு நாள் முந்தைய தேதி. அதற்கு அக்கா அன்றே அனுப்பிய கேள்வியும் அங்கேயே இருந்தது: 'நீங்கள் யார்? எந்த இடம்?' பதில் வரவில்லை.

"அடப்பாவி! பிரேக் ஒயர்னுல்ல நெனச்சேன். ஒரு பேரு எழுதக் கூடாதா?"

"மச்சான் மெயிலே பாக்க மாட்டான்க்கா" என்று சிரிக்கப் பார்த்தார் மெக்கானிக். கண் கலங்கிவிட்டது.

மேலாளர் வந்து படத்தை இரண்டு முறை பெரிதாக்கிப் பார்த்தார். அக்காவை அவர் பார்க்கவில்லை. "நீ வேலையைப் பாருப்பா" என்று மெக்கானிக்கின் முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

அக்கா அந்த அஞ்சலை உரிய கட்டடத்தின் கோப்புறைக்கு மாற்றினார். 'ஒட்டாதவை'யில் அன்றைக்கு இன்னும் பதினேழு இருந்தன. தோள்பையை இறக்கி மேசைக்கடியில் வைத்தார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, முதலாவதைத் திறந்தார்.