மதகோரத்து விரால்

எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாவதோடு நின்றவள், பிழை இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இது நடந்தது எந்த வருஷம் என்பதும் மறந்துவிட்டது.

மாரண்டஹள்ளிப் பக்கம் எங்கள் ஊர் ஏரியில் அன்றன்றைக்குக் கிடைப்பதை அப்பா கொண்டுவருவார். ஒருநாள் அயிரை, ஒருநாள் கெளுத்தி, எதுவும் அகப்படாத நாள் நத்தை. குஞ்சோடு திரியும் விராலை மட்டும் தொடமாட்டார். பெரியது போனால் மற்ற மீன்கள் குஞ்சுகளை ஒன்றுவிடாமல் தின்றுவிடும், அப்புறம் ஏரியில் விராலே இருக்காது என்பார். அப்படி ஒன்று மதகோரம் இருப்பதை எனக்கு மட்டும் காட்டி, யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்றிருந்தார்.

பாலக்கோட்டிலிருந்து மாமா வந்தார், அம்மாவின் அண்ணன். சட்டியில் நத்தையைப் பார்த்ததும் சிரித்தார்.

"ஏம்மா, நத்தை பொறுக்கித் திங்கவா உன்னை இந்த வூட்டுக்குக் குடுத்தோம்?"

அம்மா அடுப்பைவிட்டு முகத்தைத் திருப்பவே இல்லை. எனக்குத் தாங்கவில்லை.

"எங்க ஏரியில என் கை நீளத்துக்கு விரால் இருக்குதுங்க மாமா."

"எங்க, காட்டு பாக்கலாம்!"

மதகோரம் கூட்டிப்போய்க் காட்டினேன். மாமா தூண்டிலில் தவளையைக் கோத்துக் குஞ்சுக் கூட்டத்தின் நடுவே போட்டார். குஞ்சைத் தின்ன வந்த தவளை என்று பெரியது பாய்ந்து கவ்வியது. மாமா மீனோடு வீட்டுக்கு நடந்தார். என்னால் போக முடியவில்லை. குஞ்சுகள் அதே இடத்தில் சுற்றிச்சுற்றி வந்தன. பக்கத்தில் தண்ணீர் துள்ளியது. கல்லை எறிந்தேன், குஞ்சுகளும் சேர்ந்து சிதறின. கரைக்கு ஏறினேன், இறங்கினேன், மறுபடி ஏறினேன். பொழுது சாய்வதற்குள் கூட்டம் கையகலத்துக்கு வந்துவிட்டது.

வீட்டுக்குப் போனபோது அப்பா தோட்டத்திலிருந்து வந்து, மாமாவோடு சோற்றுக்கு உட்கார்ந்திருந்தார்.

"சாப்பிடுங்க மாப்ள, உங்க பொண்ணு காட்டுன மீனுதான்" என்றார் மாமா.

அப்பா கையை எடுத்துக்கொண்டார். "குஞ்சு என்னா நெறம் கண்ணு? சேப்பா, கறுப்பா?"

கறுத்த குஞ்சு தானே பிழைத்துக்கொள்ளும் என்று சொல்லித் தந்தவர் அவர்தான். நான் பார்த்தவை செக்கச்செவேலென்று இருந்தன.

"கறுத்துப்போச்சுப்பா."

அப்பா அம்மாவை ஒருமுறை பார்த்தார். பிறகு துண்டைப் பிட்டு வாயில் போட்டு, "நல்லா இருக்குது" என்றார். நம்பிவிட்டார் என்று நினைத்தேன். தினமும் அந்தக் கூட்டத்தைப் பார்த்துவந்தவருக்கு நிறம் தெரியாதா என்று யோசிக்க எனக்கு வயது போதவில்லை.

சேப்புக் குஞ்சு கறுக்க எத்தனை நாளாகும் என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. ஒரே நாளில் கறுக்குமா என்பதையும் மீன் தெரிந்த யாரையாவது விசாரித்துத் திருத்திவிடுங்கள்.