பாய் குடிக்காத டீ

எங்கள் ஜவ்வாது மலைப் புளிக் குடோனுக்கு விசாரணைக்கு வந்தவரின் பெயர் எனக்குத் தெரியாது. வாணியம்பாடியிலிருந்து முதலாளி வரவழைத்த, ஊர்த் தகராறுகளை விசாரித்துத் தீர்த்துவைக்கும் பாய். வெள்ளைத் தாடி, மடிப்புக் கலையாத சட்டை. டீ நீட்டினால், "வேலை முடியட்டும்மா, அப்புறம் குடிக்கிறேன்" என்பார். விசாரிக்கப் போன இடத்தில் யார் கையாலும் எதுவும் வாங்கமாட்டாராம். முதலாளி கொடுத்த காபியும் ஆறிப்போய் ஏடு கட்டிக் கிடந்தது.

எடைபோடும் மேஸ்திரி குடோனுக்குள் கையைப் பிடிக்கிறான் என்பதை, புளி தட்டும் பெண்கள் நாங்கள் எங்களுக்குள்தான் பேசிக்கொண்டோம். ஒருத்தி வேலையை விட்டுப் போகும்போது முதலாளியின் மனைவியிடம் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகுதான் பாய் வந்தார்.

"யாரும் புகார் குடுக்கலீங்க பாய். குடுத்திருந்தா அப்பவே விசாரிச்சிருப்பேன்," என்றார் முதலாளி.

பாய் எங்கள் பக்கம் பார்த்தார். "ஒரு கூடைய எடை போட ரெண்டு பொம்பளைங்க சேந்து போறாங்களே, இது எப்பலேர்ந்துங்க?"

"பொங்கல்லேர்ந்து இருக்கும்."

"அன்னிக்கே விசாரிச்சிருக்கணும். இதுக்கு மேல இன்னா புகார் வேணும்?"

முதலாளி மேஸ்திரியைக் கூப்பிட ஆள் அனுப்பினார்.

பிறகு பாய் எங்களையும் மேஸ்திரியையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். சாயங்காலமே மேஸ்திரியை வேலையை விட்டு நிறுத்தினார்கள். பஸ் வந்துவிட்டது. பாய் ஓடினார்.

மறுநாள் கூடையோடு நான் தனியாகக் குடோனுக்குள் போனேன். புளி வாசம் அடிக்கும் அந்த இருட்டில் நின்றபோதுதான், அவருக்கு டீ கொடுக்காமலே அனுப்பிவிட்டோம் என்பது உறைத்தது.