திரையில் மழை பெய்த இடம்

ஸ்தனிஸ்லாஸ் கண்டக்டர் என்றால் எங்கள் ரூட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். டிக்கெட் கிழித்துக் கொடுக்கும்போதே, தலை நரைத்தவர்களிடம் ஒரு கேள்வி கேட்பார். "ஐயா, உங்க பக்கம் டெண்டுக் கொட்டகை எங்க இருந்துச்சு?" பதிலை முழுக்கக் கேட்டு முடிக்கும்வரை விசில் வராது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பல்லைக் கடித்துக்கொண்டிருந்த டிரைவர் நான்தான்.

அவருக்கு ஆறு வயதிருக்கும்போதே அம்மா அன்னாள் போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா சொன்னதில் அவருக்கு நினைவிருந்தது ஒன்றே ஒன்று. "நெறமாசத்துல படம் பாக்கப் போனேன். கொட்டகை மணல்லயே நீ பொறந்துட்ட. அப்பத் திரையில ஒரே மழை." எந்த ஊர் என்று கேட்கிற வயதா அது? சொந்தக்காரர்களோ, "உங்கம்மா நல்லாக் கதை விடும்" என்று சிரித்தார்கள். அம்மா பொய் சொல்லவில்லை என்று தெரிந்தால் போதும், அவருக்கு வேறெதுவும் வேண்டாம்.

ஆனால் கொட்டகை இருந்த இடத்தை ஒருவர் பேகம்பூர் என்றார், ஒருவர் கொடைரோடு என்றார், இன்னொருவர் ஆத்தூர் என்று அடித்துச் சொன்னார். கொட்டகையின் பெயர் மட்டும் ஒன்றேதான். "எல்லாரும் அளந்து விடுறாய்ங்கப்பா" என்று சலித்துப்போனார். எங்களோடு வேலை பார்த்த அப்துல் ஜப்பார்தான் முடிச்சை அவிழ்த்தார். "எங்க அத்தா மாட்டு வண்டியிலதான் கொட்டகைய ஏத்திக்கிட்டுப் போவாரு. லைசென்சு முடிஞ்சா பிரிச்சு அடுத்த ஊருக்கு." ஒரு தியேட்டரே வண்டியேறி ஊர் ஊராகப் போயிருக்கிறது! நாங்கள் ஒரே இடத்தைத் தேடி அலைந்திருக்கிறோம்.

போன மாதம், சித்தையன்கோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் கக்கூசுக்குக் குழி தோண்டினால் செம்மண்ணுக்குக் கீழே ஆற்று மணலாக வருகிறது என்று கேள்விப்பட்டோம். அந்த இடத்தில் ஆறே கிடையாது; கொட்டகை மணலாக இருக்குமோ என்று தோன்றியது. நானும் ஸ்தனிஸ்லாஸும் ஓய்வு பெற்று வருடக்கணக்காகிவிட்டது. என் ஸ்கூட்டரில் போனோம். வீட்டுக்கார அம்மா ஒச்சாயி, எண்பதைத் தாண்டியவர்.

"கொட்டகைக்காரவுக கொட்டுன மணலு. இது பொம்பளைக பக்கம். மணலக் குமிச்சு ஒசரமா உக்காருவோம். மறைக்குதுன்னு பின்னால இருக்கவளுக சண்டைக்கு வருவாளுக" என்று சிரித்தார். பிறகு யாரும் கேட்காமலே சொன்னார்: "ஒரு தடவ இங்ஙனயே ஒருத்தி புள்ள பெத்துட்டா. எங்காத்தாளும் மத்தவளுகளும் சேலைய விரிச்சு மறைச்சாக. சின்னப் புள்ளைன்னு என்னைய அங்கிட்டுப் பாக்க விடல. திரையத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். மழையா ஊத்துது, ஒரு சொட்டு நனையல."

ஸ்தனிஸ்லாஸ் அந்த மணலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் சொன்னேன்: "ஆத்தா, அந்தப் புள்ள இவருதான்."

ஒச்சாயி அவரை ஏற இறங்கப் பார்த்தார். எழுந்து வந்து கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். "ஏலே அப்பு, கொட்டகையப் பிரிக்கிற வரைக்கும் அந்த எடத்துல ஒருத்தியும் உக்காரலடா. எம்புட்டுக் கூட்டம் வந்தாலும் புள்ள எடம்னு விட்டுருவோம்."

எழுபதைத் தாண்டிய மனுஷன் செருப்பைக் கழற்றிவிட்டுக் குழியோரம் குவிந்திருந்த மணலில் உட்கார்ந்தார். "எங்கம்மா பொய் சொல்லலப்பா" என்று அழுதார். காலமெல்லாம் அவரை அவசரப்படுத்தியவன் நான். அன்று கிளம்பலாம் என்று சொல்லவே இல்லை.