அப்பா தூங்கும் நேரம்

அம்மாவுக்குப் பிறந்த வீட்டில் ஒரு பட்டப்பெயர் இருந்தது: ஸ்பீக்கர். மாமாக்கள் வைத்தது. வாசலில் நின்று "சாப்பிட வாங்க" என்று அவள் ஒரு குரல் கொடுத்தால், தெருக்கோடியில் இருப்பவர்களும் கை கழுவ எழுந்துவிடுவார்களாம். அப்படிப்பட்டவளைப் பகலில் தூங்குகிற ஒரு மனிதருக்குக் கட்டிக் கொடுத்தார்கள்.

அப்பாவுக்குச் செய்தித்தாள் அச்சகத்தில் இரவு வேலை. ஊர் படுக்கப் போகும் நேரத்தில் சாப்பாட்டுத் தூக்கைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு கிளம்புவார். காலையில் நாங்கள் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது, மை காயாத பேப்பரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து இறங்குவார். குளித்து, சாப்பிட்டு, முன்னறை ஜன்னலில் ஒரு பழைய போர்வையைத் தொங்கவிட்டுப் படுத்தால், எதிர்வீட்டு மதிலில் மாலை வெயில் மஞ்சளாகும்போதுதான் எழுந்திருப்பார்.

எங்களுக்கு இருந்தது ரெண்டே அறைகள். முன்னறையில் அப்பா தூங்குவார். பின்னறையில் மிச்ச வாழ்க்கை முழுவதும் நடக்கும். அடுப்பு, துணி அலமாரி, படிப்பு, எனக்கும் அண்ணனுக்குமான அடிதடி எல்லாம் அங்கேதான். நடுவில் சரியாகச் சாத்தாத ஒரு கதவு.

கல்யாணமான புதிதில் அம்மாவுக்கு இந்தப் பகல் தூக்கம் பிடிபடவில்லை. ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டோடு பேசுவாள், சிரிப்பாள், பாத்திரத்தைத் தொட்டியில் கொட்டுவாள். அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். புரண்டு புரண்டு படுத்துவிட்டு அப்படியே வேலைக்குப் போவார். ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் எந்திரத்துக்குள் இடதுகை மோதிர விரலின் நுனியைக் கொடுத்துவிட்டுக் கட்டோடு வந்து நின்றார். "என் கவனக்குறைவுதான்" என்றுதான் எல்லோரிடமும் சொன்னார். ஆனால் அம்மா அன்றைக்கே தன் குரலை மூட்டை கட்டி வைத்துவிட்டாள்.

எனக்கு நினைவு தெரிந்தபோது எங்கள் வீட்டுப் பகல் ஒரு தனி உலகமாக ஆகியிருந்தது. பழைய சைக்கிள் டியூபை வெட்டிக் கதவு நிலையில் ஆணியடித்திருந்தாள். பாத்திரம் வைக்கிற பலகைமேல் கிழிந்த போர்வைத் துண்டு. வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கக்கூடாதென்று குழாயிலிருந்து ஒரு துணியை வாளியின் அடிவரை தொங்கவிட்டிருப்பாள். தண்ணீர் அதைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நாங்கள் பக்கத்துச் சந்தில் நுழையும்போதே செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வோம். பசி என்றால் வயிற்றைத் தடவ வேண்டும். அண்ணன் அடித்துவிட்டான் என்றால் அவனைக் காட்டி முதுகைத் தொட வேண்டும். அம்மா திட்டுவதும் கையாலும் கண்ணாலும்தான். உதட்டைக் கடித்துக்கொண்டு அவள் கரண்டியை ஆட்டினால், சத்தத்தோடு திட்டு வாங்குகிற பிள்ளைகளை விட எங்களுக்கு அதிகம் உறைக்கும்.

குக்கர் விசிலை மட்டும் யாராலும் அடக்க முடியவில்லை. அதனால் குக்கர் மாடிக்குப் போகும். மாடியில் ஒரு தையல்காரர் தனியாகக் குடியிருந்தார். எங்களுக்கு அவர் தையல் மாமா. அவர் அடுப்பில் வைத்து, விசில் அடங்கியதும் கொண்டுவந்து கொடுப்பார். ஒருநாள் மாறிப் போய் அவருடைய குக்கர் எங்களுக்கு வந்துவிட்டது. உப்பே இல்லாத அந்தப் பருப்பை நாங்கள் சாப்பிட்டோம். எங்கள் நாலு பேருக்கான சோற்றை அவர் சாப்பிட்டார். "தப்பா வந்துடுச்சுன்னு சொல்லக்கூடாதா?" என்று அம்மா பிறகு கேட்டதற்கு, "சத்தம் போடக்கூடாதுன்னு சொன்னீங்களேம்மா" என்றார்.

அவருடைய தையல் மிஷினும் ஒரு வழக்கு. மிஷின் ஓடினால் கீழே முன்னறைக் கூரை அதிரும். அம்மா மாடி ஏறிப் போய் மிஷின் கால்களுக்கு அடியில் மடித்த சாக்கு வைத்தாள். அதிர்வு குறையவில்லை. கடைசியில் பகலெல்லாம் பட்டன் கட்டுவது, ஓரம் மடிப்பது என்று கைவேலை செய்ய வேண்டும், மிஷினை மாலையில் ஓட்ட வேண்டும் என்று ஏற்பாடானது.

"நான் இங்க துணி தைக்கிறேனா, தவம் பண்றேனா?" என்று அவர் அலுத்துக்கொள்வார். ஆனால் ஒருநாளும் மீறவில்லை.

எனக்கு ஆறு வயதிருக்கும். பின்படியில் சறுக்கி விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டேன். வாயைத் திறந்துவிட்டேன், சத்தம் வருவதற்குள் அம்மா வந்து என்னை நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். காயத்தைக் கழுவினாள், ஊதினாள், என் காதுக்குள் சொன்னாள்: "என் தங்கம்ல, அழுகையை அப்படியே வச்சிரு. அப்பா எழுந்ததும் நல்லா சத்தமா அழுதுக்கலாம்."

நானும் வைத்திருந்தேன். மாலையில் முன்னறையில் அப்பா தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டதும் ஓடிப்போய் அவர் மடியில் ஏறி, முட்டியைக் காட்டி, வைத்திருந்தது மொத்தத்தையும் அழுது தீர்த்தேன். அதற்குள் வலி போய்விட்டிருந்தது என்பது வேறு விஷயம். அப்பா பதறிப்போய், "எப்பம்மா விழுந்த?" என்று கேட்டார். "காலையிலேயே" என்றேன். அவர் அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு போர்வையை மடித்தாள்.

அந்தச் செருமல்தான் எங்கள் வீட்டுக்கு விடியல். அது கேட்டதும் வீடு ரெண்டுபடும். ரேடியோ பாடும், மாடியில் மிஷின் கடகடவென்று ஓடத் தொடங்கும். அம்மா காலையிலிருந்து சேர்த்து வைத்த பேச்சையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டுவாள்; நானும் அண்ணனும் ஒருவர் வாயை ஒருவர் பொத்திக்கொண்டு பள்ளிக்கூடக் கதை சொல்வோம். அப்பா டீ டம்ளரை வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்து எல்லோரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரிப்பார். போதாததற்கு எட்டி ரேடியோவை இன்னும் கொஞ்சம் கூட்டி வைப்பார். அவர் சைக்கிளை எடுக்கும்வரை அந்தக் கூத்து நடக்கும். இப்போதும் எங்காவது அறை நிறைய ஆட்கள் ஒரே நேரத்தில் பேசுவதைக் கேட்டால் எனக்கு டீ குடிக்கத் தோன்றும்.

வருஷங்கள் ஓடின. அண்ணன் வேலைக்கு வெளியூர் போனான். எனக்கும் கல்யாணமானது. அப்பா ஓய்வு பெற்றார். இனிமேல் ஊரோடு சேர்ந்து தூங்கி ஊரோடு எழுந்திருப்பார். அம்மா எவ்வளவு வேண்டுமானாலும் சத்தம் போடலாம். ஆனால் அவளால் முடியவில்லை. பகல் என்றால் தொண்டை தானாகவே சாத்திக்கொண்டது. அப்பாவோ எதற்கெடுத்தாலும் "என்ன?" என்றார். சாப்பிட வாங்க என்றால் "என்ன?" கதவைத் தட்டுறாங்க என்றால் "என்ன?"

"உங்கப்பாவுக்கு நான் பேசினாலே அலட்சியம்" என்று என்னிடம் சொல்லி அம்மா கண் கலங்கினாள். எனக்குச் சந்தேகம் வந்து அப்பாவைக் காது டாக்டரிடம் அழைத்துப் போனேன். அம்மாவும் வந்தாள். சோதித்துப் பார்த்துவிட்டு டாக்டர், "எந்திரச் சத்தத்துல ரொம்ப நாளாவே காது போயிட்டிருக்கு. உங்களுக்கு எப்ப தெரிஞ்சுது?" என்று உரக்கக் கேட்டார்.

"இருக்கும், ஒரு பத்துப் பன்னெண்டு வருஷம்" என்றார் அப்பா சாதாரணமாக.

வீடு வந்து சேர்ந்தோம். உள்ளே வந்து பையை வைத்ததும் அம்மா அவர் எதிரே போய் நின்றாள்.

"பன்னெண்டு வருஷமா காது கேக்கலையா உங்களுக்கு?"

"மெல்லிசா பேசினா கேக்காது. நீங்கதான் சாயங்காலம் எல்லாரும் கத்துவீங்களே, அது கேட்கும்."

"அப்ப பகல்ல நாங்க மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நடந்தது? பிள்ளைங்க வாயைப் பொத்தினது? ஏங்க சொல்லல?"

அப்பா கட்டிலில் உட்கார்ந்தார். "மத்தியானம் சில நேரம் முழிப்பு வரும். படுத்தபடியே கதவு இடுக்கு வழியா பாப்பேன். தூங்கற பிள்ளையைக் கட்டில்ல விடற மாதிரி நீ பாத்திரத்தை இறக்கி வச்சிட்டிருப்ப. இதுங்க ரெண்டும் செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு வரும். நான் பொறந்து வளந்த வீட்ல எனக்காக யாரும் குரலைத் தாழ்த்தினதுகூட இல்ல. வேணாம்னு சொல்லிடணும்னு தினம் நினைப்பேன். வாய் வராது."

அம்மா பின்னறைக்குப் போனாள். பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தை எடுத்தாள். தலைக்கு மேலே தூக்கித் தரையில் போட்டாள். அது உருண்டு, சுழன்று, ஓய்வதற்கு வெகுநேரம் ஆனது. மாடியிலிருந்து தையல் மாமா கத்தரிக்கோலும் கையுமாக இறங்கி ஓடி வந்தார். "என்னம்மா, என்ன ஆச்சு?"

"கை தவறிடுச்சு" என்றாள் அம்மா, தெருவுக்கே கேட்கும்படி.

அப்பாவுக்கு அதுவும் கேட்டது. சிரித்தார். அம்மா ரெண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினாள், நிறுத்தவேயில்லை. அதன்பிறகு ஒன்பது வருஷம் எங்கள் வீட்டு ரகசியம் எதுவும் ரகசியமாக இல்லை. அப்பாவின் வயிற்றுக் கோளாறு முதல் என் மாமியாரைப் பற்றிய அபிப்பிராயம் வரை தெரு முழுக்கத் தெரிந்தது. கருவி வாங்கிக் காதில் மாட்டிக்கொள்ளச் சொன்னபோது அப்பா, "எனக்கு வேண்டியது இவ பேசறது. அது நல்லாவே கேக்குது" என்று மறுத்துவிட்டார்.

அப்பா போனபிறகு அம்மாவை என்னோடு அழைத்து வந்துவிட்டேன். எட்டாவது மாடி. ஜன்னலைச் சாத்தினால் தெரு இருப்பதே தெரியாது. நானும் கணவரும் வேலைக்குப் போய்விட்டால் அம்மா மட்டும்தான்.

போன மாதம் ஒருநாள் லீவு போட்டு வீட்டிலிருந்தேன். சாப்பிட்டு முடித்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் காலத்து மாலைகளைப் பற்றிப் பேச்செடுத்தேன். "அந்த ரேடியோ, மிஷின், நம்ம கத்தல்… எவ்ளோ நல்லா இருந்துச்சுல்லம்மா?"

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். "ஆனா எனக்கு நினைப்பு வர்றது அது இல்ல."

"பின்ன?"

"மத்தியானம். நீங்க பள்ளிக்கூடத்துல இருப்பீங்க. வேலையெல்லாம் முடிஞ்சிருக்கும். கதவுகிட்ட சும்மா உக்காந்திருப்பேன். உள்ள உங்கப்பா தூங்கிட்டிருப்பாரு. பேசவும் வேணாம், எதுவும் வேணாம். வீட்டுக்குள்ள ஆள் இருக்கு." புடவைத் தலைப்பைத் திருகினாள். "இப்பவும் சத்தம் இல்லதான். யாருக்காக இல்லன்னுதான் தெரியல."

அவள் என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கண்ணெல்லாம் உள்ள போயிருக்கு. லீவுதானே, போய்க் கொஞ்சம் படேன்" என்றாள்.

அறைக்குப் போய்ப் படுத்தேன். அம்மா வந்து திரையை இழுத்துவிட்டாள், மின்விசிறியைக் குறைத்தாள், போர்வையைக் கால்வரை இழுத்துவிட்டாள். பிறகு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அறை வாசலில் போட்டு உட்கார்ந்தாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. போனில் பார்க்க வேண்டிய வேலை இருந்தது. கண்ணை மூடியபடியே கிடந்தேன்.

வெயில் தாழ்ந்ததும் டீயோடு வந்து தோளைத் தொட்டாள். "நல்லா தூங்கினியாம்மா?"

"அடிச்சுப் போட்ட மாதிரி" என்றேன்.